‘லீவ்’ என்றால் ‘விடு’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: ஆங்கில வினைச்சொல் ‘லீவ்’ ஓர் இடத்தில் ‘புறப்படு’ என்கிறது, இன்னோர் இடத்தில் ‘விட்டுவிடு’ என்கிறது, வேறோர் இடத்தில் ‘மீதி’ என்கிறது. ‘லெட்’, ‘லிவ்’ ஆகியவற்றோடும் குழம்புகிறது. இதை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது, எப்படி உச்சரிப்பது?

‘லீவ்’ என்ற சொல்லை நாம் பள்ளியில் ‘விடு’ என்று படிக்கிறோம். அது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் நம் தவறுகள் எல்லாம் பிறக்கின்றன. அதனால் பொருள் பட்டியலுக்குள் போகும் முன் இந்த இரண்டு சொற்களும் எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிடலாம்.

‘லீவ்’ சொல்லும் காட்சியில் எப்போதும் இரண்டு பேர் உண்டு: விலகிப் போகிறவர் ஒருவர், இருந்த இடத்திலேயே இருப்பது ஒன்று. ‘ஷீ லெஃப்ட் த ஆஃபீஸ்’ என்றால் அவள் போனாள், அலுவலகம் அங்கேயே இருக்கிறது. ‘ஐ லெஃப்ட் மை கீஸ் ஆன் த டேபிள்’ என்றால் நான் வந்துவிட்டேன், சாவி மேசைமேலேயே இருக்கிறது. ஆக, வினைக்குப் பின்னால் வரும் பொருள் அசையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், பெரும்பாலான பயன்பாடுகள் தானாக விளங்கிவிடும்.

தமிழ் ‘விடு’ அப்படியில்லை. அதன் அடியில் இருப்பது பிடி தளர்வது. பிடி தளர்ந்தால் பல சமயம் அந்தப் பொருளே நகர்ந்து போகும். அம்பு விடுகிறோம், அம்பு போகிறது. பட்டம் விடுகிறோம், பட்டம் பறக்கிறது. கயிற்றை விட்டால் கயிறு கைநழுவுகிறது. இங்கெல்லாம் ‘லீவ்’ போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

இரண்டு பேர் ஓர் அலமாரியைப் படிக்கட்டில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். மேலே இருப்பவர், ‘கையை விட்டுடாதே’ என்ற அர்த்தத்தில் ‘டோன்ட் லீவ் இட்’ என்று கத்துகிறார். கீழே இருக்கும் ஆங்கிலம் பேசுபவர் காதில் அது ‘அதை இங்கேயே வைத்துவிட்டுப் போகாதே’ என்று விழலாம். பிடியைப் பற்றிப் பேசும்போது சொல்ல வேண்டியது ‘டோன்ட் லெட் கோ’. அதேபோல் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் ‘லீவ் மீ’ அல்ல, ‘லெட் கோ ஆஃப் மீ’. ‘லீவ் மீ’ என்றால் ‘என்னைவிட்டு நீ போய்விடு’ என்று பொருள். உறவை முறிக்கும்போது சொல்வது அது.

ஆகவே ஒரு சோதனை. தமிழில் ‘விடு’ என்று தோன்றும் இடத்தில், ‘எது நகர்கிறது, எது நிற்கிறது?’ என்று கேளுங்கள். அந்தப் பொருள் அங்கேயே நின்றால் ‘லீவ்’ பெரும்பாலும் சரி. அந்தப் பொருள் போனால் வேறு வினை வேண்டும்.

‘பஸ்ஸை விட்டுட்டேன்’: பஸ் போய்விட்டது, நான் நிற்கிறேன். எனவே ‘ஐ மிஸ்ட் த பஸ்’. ‘ஐ லெஃப்ட் த பஸ்’ என்றால் பஸ் நிற்க நான் வெளியேறினேன் என்று ஆகும். நல்ல வாய்ப்பை விட்டாலும் இதே ‘மிஸ்’தான். ‘மழை விட்டுடுச்சு’ என்பதற்கு ‘த ரெய்ன் ஹேஸ் ஸ்டாப்ட்’. ‘காய்ச்சல் விட்டுடுச்சு’ என்பதற்கு ‘த ஃபீவர் ஹேஸ் கான்’. பள்ளி விட்டாச்சு என்றால் ‘ஸ்கூல் இஸ் ஓவர்’. மூச்சை விடு என்றால் ‘ப்ரீத் அவுட்’. சிகரெட்டை விட்டேன் என்றால் ‘ஐ கேவ் அப் ஸ்மோக்கிங்’ அல்லது ‘ஐ க்விட் ஸ்மோக்கிங்’. ‘ஐ லெஃப்ட் ஸ்மோக்கிங்’ என்பது நேரடித் தமிழ். ஆனால் வேலையை விட்டேன் என்பதற்கு ‘ஐ லெஃப்ட் மை ஜாப்’ முழுக்கச் சரி. வேலை அங்கே இருக்கிறது, நான் வெளியே வந்தேன், காட்சி பொருந்துகிறது.

சோதனை கொஞ்சம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘பிள்ளையை ஸ்கூலில் விட்டேன்’ என்பதில் பிள்ளை அங்கேயே இருக்கிறது, நாம் திரும்பி வருகிறோம். விதிப்படி ‘லீவ்’ வரவேண்டும். இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்த்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ட்ராப்’ அல்லது ‘ட்ராப் ஆஃப்’ என்பதே வழக்கம்: ‘ஐ ட்ராப்ட் ஹிம் ஆஃப் அட் ஸ்கூல்’. ‘லீவ்’ போட்டால் அழுத்தம் சேர்த்ததில் இல்லாமல் விட்டுவிட்டு வந்ததில் விழுகிறது. ‘ஐ லெஃப்ட் ஹிம் அட் த ஸ்டேஷன்’ என்று மொட்டையாகச் சொன்னால், ஏதோ கோபத்தில் நடுவழியில் விட்டுவிட்டு வந்தது போலக்கூடக் கேட்கும்.

‘லெட்’ எங்கே? ‘போக விடு, பேச விடு, தூங்க விடு’ என்று இன்னொரு வினையோடு ‘விடு’ சேர்ந்து அனுமதிப் பொருள் தந்தால் அது ‘லெட்’. ‘லெட் ஹிம் ஸ்பீக்’. இதில் ‘டு’ சேராது. ‘லீவ் ஹிம் ஸ்பீக்’ என்பது பிழை. ஆனால் ‘லீவ் ஹிம் டு குக்’ என்று ‘டு’ சேர்த்தால் சரியான வாக்கியம்தான், அர்த்தம் வேறு. ‘சமைப்பதை அவனிடமே விட்டுவிட்டு நீ வா’ என்பது அது. இங்கேயும் அவன் இருக்கிறான், நீங்கள் போகிறீர்கள். பழைய காட்சி அப்படியே.

இனி உச்சரிப்பு. எழுத்துகள் எல், ஈ, ஏ, வி, ஈ. கடைசி ஈ ஒலிக்காது; நடுவில் இருக்கும் இரண்டு உயிரெழுத்தும் சேர்ந்து ஒரே நெடில் ‘ஈ’. பலரும் சறுக்குவது ‘லீவ்’, ‘லிவ்’ இரண்டுக்கும் இடையில். ‘ஐ ஆம் லிவிங் ஹியர்’ என்றால் இங்கே வசிக்கிறேன். ‘ஐ ஆம் லீவிங் ஹியர்’ என்றால் இங்கிருந்து கிளம்புகிறேன். நேர் எதிரான செய்திகள். நமக்குக் குறில், நெடில் வேறுபாடு பிறவியிலேயே தெரியும் என்பதால் இது சுலபம் என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் நீளம் மட்டும் போதாது, ஒலியின் நிறமும் மாறவேண்டும். ‘லீவ்’ சொல்லும்போது உதடு பக்கவாட்டில் விரிந்து, நாக்கின் முன்பகுதி மேலண்ணத்துக்கு மிக அருகில் போகும். நம் ‘ஈ’ அதற்குப் பொருந்தும். ‘லிவ்’ சொல்லும்போது உதட்டைத் தளர்த்தி, நாக்கைச் சற்றே இறக்குங்கள். ‘இ’க்கும் ‘எ’க்கும் இடையில் ஓர் ஒலி வரும். நம் ‘இ’யையே போட்டால், வேகமாகப் பேசும்போது கேட்பவர் காதில் அது அவசரமாகச் சொன்ன ‘லீவ்’ ஆகிவிடும் வாய்ப்பு உண்டு.

கடைசி ஒலி அடுத்த சிக்கல். தமிழ்ச் சொற்கள் ‘வ்’ என்ற ஒற்றில் முடிந்து நமக்குப் பழக்கமில்லை, அதனால் ‘லீவு’ என்று ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ் பேசும்போது ‘லீவு’ நம் சொல்லாகவே ஆகிவிட்டது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆங்கிலம் பேசும்போது மட்டும் உகரத்தை வெட்ட வேண்டும். கண்ணாடி முன் நின்று, மேல்பல் வரிசையைக் கீழுதட்டின் உள்விளிம்பில் லேசாக வையுங்கள். அப்படியே குரலோடு காற்றை விடுங்கள். உதட்டில் ஓர் அதிர்வு தெரியும். குரலை நிறுத்திய பிறகே உதட்டை எடுக்கவேண்டும். உதட்டை முதலில் எடுத்தால் உகரம் தப்பித்து வெளியே வந்துவிடும்.

அதே நிலையில் தொண்டையின் அதிர்வை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டால் ‘லீஃப்’, அதாவது இலை. இங்கே ஒரு நுட்பம்: ‘லீவ்’ என்பதில் ஈகாரம் நன்றாக நீளும், ‘லீஃப்’ என்பதில் வெட்டுப்பட்டது போலச் சுருங்கும். கேட்பவர்கள் கடைசி மெய்யைவிட இந்த நீளத்தை வைத்தே இரண்டையும் பிரித்துக்கொள்வது அதிகம். ‘லீவ்ஸ்’ என்ற நிகழ்கால வடிவமும், இலைகள் என்ற பன்மையும் ஒலியில் ஒன்றே. இரண்டிலும் கடைசியில் வருவது சீறும் ‘ஸ்’ அல்ல, வண்டு ரீங்கரிப்பது போலத் தொண்டை அதிரும் ஒலி.

இறந்தகாலம் ‘லெஃப்ட்’, ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ ஆகியவற்றோடு வரும் முடிவெச்ச வடிவமும் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) அதுவே. ‘லீவ்ட்’ என்ற இறந்தகாலம் இந்த வினைக்குக் கிடையாது. ‘லெப்ட்’ என்று சொன்னால் இரண்டு உதடும் மூடுகின்றன. கண்ணாடியில் பல் தெரிந்தால்தான் ஒலி சரி. ‘லீவிங்’ எழுதும்போது கடைசி ஈ எழுத்து போய்விடும். ஒலிக்கும்போது ‘ங்’ என்பதோடு நிறுத்த வேண்டும். தமிழில் ‘ங்’ வந்தால் பின்னாலேயே ‘க’ வருவதால் நம் நாக்கு ‘லீவிங்க்’ என்று ஒரு ககரத்தைக் கூட்டிவிடும்.

இடத்தோடு சேர்ப்பதில் நம் வேற்றுமை உருபுகள்தான் காலை வாருகின்றன. ‘அலுவலகத்திலிருந்து கிளம்பினேன்’ என்று சொல்லிப் பழகியதால் ‘ஐ லெஃப்ட் ஃப்ரம் த ஆஃபீஸ்’ என்று வருகிறது. ‘ஃப்ரம்’ வேண்டாம், ‘ஐ லெஃப்ட் த ஆஃபீஸ் அட் சிக்ஸ்’ போதும். எங்கேயிருந்து வண்டி புறப்படும் என்று இடத்தைச் சுட்டும்போது மட்டும் அது வரும்: ‘த ட்ரெய்ன் லீவ்ஸ் ஃப்ரம் ப்ளாட்ஃபார்ம் டூ’. போகும் இடத்துக்கு ‘டு’ வராது, ‘ஃபார்’ வரும். ‘ஷீ லெஃப்ட் ஃபார் லண்டன்’ என்றால் லண்டனுக்குக் கிளம்பினாள். ஒரேயொரு ‘ஃபார்’ விட்டுப்போனால் ‘ஷீ லெஃப்ட் லண்டன்’, அதாவது லண்டனைவிட்டே போய்விட்டாள். மின்னஞ்சலில் பயண விவரம் எழுதும்போது இந்தச் சின்னச் சொல்லை இரண்டு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

‘லீவ் ஹோம்’ என்பதில் ‘த’ வராது. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கும் சொல்லலாம், பெற்றோர் வீட்டைவிட்டுத் தனியாக வாழப் போவதற்கும் சொல்லலாம், சூழலே பிரித்துக்காட்டும். ‘லீவ் த ஹவுஸ்’ என்றால் வாசலைத் தாண்டியது மட்டும். கால அட்டவணைப்படி நடப்பதற்குச் சாதாரண நிகழ்காலம்: ‘த பஸ் லீவ்ஸ் அட் ஃபைவ்’. நாமாக முடிவு செய்த பயணத்துக்கு ‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’. ‘டிபார்ட்’ என்பதும் புறப்படுதான், ஆனால் அது அறிவிப்புப் பலகையின் மொழி. நண்பரிடம் ‘ஐ ஆம் டிபார்ட்டிங்’ என்று சொன்னால் ஒட்டாமல் நிற்கும்.

மறதிக்கு இரண்டு வினைகள் உண்டு. ‘குடையை மறந்துட்டேன்’ என்று மட்டும் சொன்னால் ‘ஐ ஃபர்காட் மை அம்ப்ரெல்லா’. எந்த இடத்தில் என்று சேர்த்துவிட்டால் ‘லீவ்’ வந்தாக வேண்டும்: ‘ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா ஆன் த பஸ்’. இடத்தோடு ‘ஃபர்காட்’ போடுவதைப் பேச்சில் கேட்கலாம், ஆனால் தேர்வில் மதிப்பெண் குறைவது இந்த இடத்தில்தான்.

‘அப்படியே இருக்கட்டும்’ என்று தமிழில் சொல்லும் இடமெல்லாம் ‘லீவ்’ மிக அழகாகப் பொருந்தும். முதலில் பொருள், பிறகு அதன் நிலை: ‘லீவ் த டோர் ஓப்பன்’, ‘லீவ் த லைட் ஆன்’, ‘லீவ் த எஞ்சின் ரன்னிங்’, ‘ஹி லெஃப்ட் த வொர்க் அன்ஃபினிஷ்ட்’. நிலையைச் சொல்லும் சொல் பண்புச்சொல்லாக இருக்கலாம், ‘இங்’ வடிவமாக இருக்கலாம், முடிவெச்சமாகவும் இருக்கலாம். இதில் ‘கீப்’ என்பதோடு குழப்பம் வரும். கதவு திறந்தே இருக்கும்படி பார்த்துக்கொண்டே இருந்தால் ‘கீப்’. திறந்திருந்ததைத் தொடாமல் வந்துவிட்டால் ‘லீவ்’. குழாயைத் திறந்தபடி விட்டு வந்தவரிடம் ‘யூ லெஃப்ட் த டேப் ரன்னிங்’ என்றுதான் சொல்வார்கள். ‘கெப்ட்’ என்றால் வேண்டுமென்றே ஓடவிட்டதாகிவிடும்.

மீதியைச் சொல்லும் ‘லெஃப்ட்’ இதிலிருந்து பிறந்ததே. எல்லாம் போன பிறகு நிற்பது மீதி. ‘தேர் ஆர் த்ரீ லெஃப்ட்’, ‘வி ஹேவ் டென் மினிட்ஸ் லெஃப்ட்’. சொல் எப்போதும் பெயருக்குப் பின்னால் வரும்; முன்னால் போட்டு ‘லெஃப்ட் டென் மினிட்ஸ்’ என்றால் வாக்கியம் உடைந்துவிடும். முன்னால்தான் போடவேண்டும் என்றால் ‘த ரிமெய்னிங் டென் மினிட்ஸ்’. கணக்கிலும் இதே வினை: பத்தில் மூன்று போனால் ஏழு என்பதை ‘டென் மைனஸ் த்ரீ லீவ்ஸ் செவன்’ என்பார்கள். ஆங்கிலத்தில் 11ஐக் குறிக்கும் ‘இலெவன்’ என்ற சொல்லே ‘பத்துக்கு மேல் ஒன்று மிச்சம்’ என்ற பழைய ஜெர்மானியக் கூட்டுச்சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 12ஐக் குறிக்கும் ‘ட்வெல்வ்’, இரண்டு மிச்சம்.

இந்த மீதிப் பொருளால் வரும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் போய்விட்டார் என்பதற்கு ‘ஹீஸ் லெஃப்ட்’ என்று கேட்கிறோம். அதை விரித்து எழுதச் சொன்னால் பலர் ‘ஹி இஸ் லெஃப்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே சுருங்கியிருப்பது ‘ஹேஸ்’. ‘ஹி ஹேஸ் லெஃப்ட்’ என்றால் போய்விட்டார். ‘ஹி இஸ் லெஃப்ட்’ என்றால் அவர் மட்டும் மிச்சம் என்பதுபோல ஆகிவிடும். மணியைச் சேர்த்தால் ‘ஹேஸ்’ வேண்டாம்: ‘ஹி லெஃப்ட் அட் ஃபைவ்’. இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘லெஃப்ட்’ இந்தக் குடும்பமே இல்லை. அது ‘வலுவற்ற’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது.

‘லீவ் இட்’ என்ற இரண்டு சொல்லை நாம் ‘சரி விடு, பரவாயில்லை’ என்று ஆறுதலுக்குப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் அது ‘தொடாதே, அதை நிறுத்து’ என்று கொஞ்சம் கறாராக ஒலிக்கும். நாய்க்குப் பழக்கும் கட்டளைகளில் ஒன்று அது. ஆறுதலுக்கு ‘நெவர் மைண்ட்’ சரியாக இருக்கும், மனதைவிட்டு அகற்றச் சொல்ல ‘லெட் இட் கோ’. ‘லீவ் இட் டு மீ’ என்றால் அந்த வேலையை நான் செய்துவிடுகிறேன். ‘லீவ் இட் வித் மீ’ என்றால் என்னிடம் இருக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன். முடிந்துவிடும் என்ற உறுதி அதில் இல்லை. ‘லீவ் அவுட்’ என்பது சேர்க்காமல் விடுவது, ‘லீவ் பிஹைண்ட்’ என்பது உடன் எடுத்துவராமல் போவது. உயிலில் எழுதிவைப்பதும் ‘லீவ்’தான்: ‘ஷீ லெஃப்ட் ஹிம் த ஹவுஸ்’. போனவர் போக, வீடு நிற்கிறது.

கடைசியாக, விடுப்பு என்ற பெயர்ச்சொல். இது எழுத்திலும் ஒலியிலும் அதே சொல், ஆனால் பிறப்பு வேறு. வினை, ‘மிஞ்சியிருக்கச் செய்’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பெயர்ச்சொல்லின் மூலப்பொருள் ‘அனுமதி’. ஜெர்மன் மொழியில் விடுமுறையைக் குறிக்கும் ‘ஊர்லௌப்’ இந்தப் பெயர்ச்சொல்லின் உறவுக்காரர், அதுவும் ஒரு காலத்தில் போக அனுமதி என்றே பொருள்பட்டது. ‘டேக் யுவர் லீவ்’ என்ற பழைய தொடர் விடைபெறுவதைக் குறிக்கிறது. தமிழைப் பாருங்கள்: ‘விடை’ என்பதும் அனுமதிதான், விடைபெறுவதும் கிளம்புவதுதான். ஆங்கிலத்தில் இரண்டு வேர்கள் தற்செயலாக ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்தன. நமக்கோ விடை, விடுப்பு, விடுமுறை எல்லாம் ‘விடு’ என்ற ஒரே வேரில் தொங்குகின்றன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் வியப்பு.

அனுமதி என்ற பொருளை நினைவில் வைத்தால் பயன்பாடு தவறாது. அனுமதியை எண்ண முடியாது, எனவே ‘டென் லீவ்ஸ்’ கிடையாது. அது பத்து இலை. ‘டென் டேஸ் லீவ்’ என்று நாளை எண்ண வேண்டும். லீவு போடுவது ஆங்கிலத்தில் ‘டேக்’, ‘புட்’ அல்ல. லீவில் இருப்பது ‘ஆன் லீவ்’, ‘இன் லீவ்’ அல்ல. இன்று எல்லோருக்கும் விடுமுறை என்றால் அது ‘லீவ்’ ஆகாது, ஏனென்றால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ‘டுடே இஸ் எ ஹாலிடே’. வாராந்திர ஓய்வு ‘டே ஆஃப்’.

விடுப்பில் போகும்போது மின்னஞ்சலில் வைக்கும் தானியங்கிப் பதிலில் ‘ஐ ஆம் ஆன் லீவ் டில் மண்டே’ என்று எழுதினால், திங்கள் அன்று இருப்பீர்களா மாட்டீர்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘ஐ ஆம் ஆன் லீவ் அண்ட் வில் பி பேக் ஆன் மண்டே’ என்று எழுதுங்கள். திங்கள் காலை உங்களைத் தேடலாம் என்று அதைப் படித்தவருக்குத் தெளிவாகத் தெரியும்.